பாம்பு சுற்றிய தடியும் இரண்டு சகோதரிகளும்

குடும்ப வைத்தியரின் அறையில், அம்புலன்ஸ் வண்டியின் பக்கத்தில், மருந்துப் பெட்டிகளில் என்று ஒரு தடியையும் அதைச் சுற்றிய ஒற்றைப் பாம்பையும் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் சின்னத்தில் இருப்பதும் அதே தடிதான். 1948இல் கூடிய முதலாவது உலக சுகாதாரப் பேரவை அதைத் தெரிவு செய்தது. "வைத்தியத்துக்கும் பாம்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று பிள்ளைகள் கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இருக்காது. இந்த இதழில் அந்தக் கதையையும், அதில் எமது குடும்பங்களுக்கு உள்ள பாடத்தையும் பார்ப்போம்.

அஸ்கிளேபியஸ் என்னும் வைத்தியக் கடவுள்

தடிக்குச் சொந்தக்காரர் பண்டைய கிரேக்கர்களின் வைத்தியக் கடவுளான அஸ்கிளேபியஸ். அப்பொல்லோ கடவுளுக்கும் கொரோனிஸ் என்ற மானிடப் பெண்ணுக்கும் பிறந்தவர். பாதி மனிதனும் பாதி குதிரையுமான கைரோன் அவரை வளர்த்து மூலிகைகளையும் அறுவை வைத்தியத்தையும் கற்பித்தார். பாம்பு சட்டையைக் கழற்றிவிட்டுப் புதிதாக வெளிவருவதால் கிரேக்கர்கள் அதை மறுவாழ்வின் அடையாளமாகக் கண்டார்கள். அதனால் அது அவருடைய தடியில் இடம்பிடித்தது.

அஸ்கிளேபியஸின் திறமை வளர்ந்து கடைசியில் இறந்தவரையே எழுப்பும் அளவுக்குப் போயிற்று. அதைப் பொறுக்காத தேவர்களின் அரசன் ஸியூஸ், இடியால் அவரைக் கொன்றான் என்கிறது புராணம். எவ்வளவு பெரிய வைத்தியனுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைக் கிரேக்கர்கள் அன்றே கதையாகச் சொல்லி வைத்தார்கள்.

நித்திரையில் கிடைத்த வைத்தியம்

அவருடைய புகழ்பெற்ற கோயில் கிரேக்க நாட்டின் எபிடோரஸில் இருந்தது. நோயாளிகள் குளித்துத் தூய்மையாகி, பலி கொடுத்து, இரவில் அங்கேயே படுத்துறங்குவார்கள். கனவில் கடவுள் வந்து குணமாக்குவார், அல்லது செய்ய வேண்டியதைச் சொல்வார் என்பது நம்பிக்கை. குணமானவர்கள் கை, கால், கண் போன்ற உறுப்புகளின் உருவங்களைச் செய்து காணிக்கையாக வைத்தார்கள். ஊர்க் கோயில்களில் கண்மலர் சாத்தும் எமக்கு இது புதுமையாக இராது.

கி.மு. 293இல் ரோமாபுரியைக் கொள்ளைநோய் வாட்டியபோது ரோமர்கள் எபிடோரஸுக்குத் தூதர்களை அனுப்பினார்கள். கப்பலில் கூடவந்த புனிதப் பாம்பு, தைபர் ஆற்றின் நடுவில் உள்ள தீவில் இறங்கியதாகக் கதை. கி.மு. 291இல் அங்கே கோயில் எழுந்தது. இன்று அந்தச் சிறு தீவில் ஒரு வைத்தியசாலை இயங்குகிறது.

இரண்டு சகோதரிகள்

அஸ்கிளேபியஸின் பிள்ளைகளில் இருவரைத்தான் நாம் முக்கியமாக அறிய வேண்டும். ஒருத்தி பனாசியா. 'எல்லாவற்றையும் குணமாக்குபவள்' என்பது அவளுடைய பெயரின் பொருள். மற்றவள் ஹைஜீயா. அவளுடைய பெயருக்கு 'ஆரோக்கியம்' என்றே பொருள். சுகாதாரத்தைக் குறிக்கும் 'ஹைஜீன்' என்ற ஆங்கிலச் சொல் இவளிடமிருந்து வந்தது. அவளுடைய கிண்ணமும் பாம்பும் ஐரோப்பாவில் பல மருந்துக் கடைகளின் பலகையை இன்றும் அலங்கரிக்கின்றன.

நோய் வந்தபின் மருந்து தருபவள் பனாசியா. நோய் வராமல் காப்பவள் ஹைஜீயா. ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கும் பழைய வைத்தியச் சத்தியப் பிரமாணம் அப்பொல்லோ, அஸ்கிளேபியஸ் ஆகியோருக்குப் பின் ஹைஜீயாவையும் அடுத்துப் பனாசியாவையும் சாட்சிக்கு அழைக்கிறது.

எமது வீடுகளில் யாருக்கு முதலிடம்?

எமக்குத் தெரிந்த ஒருவர், ஐம்பது வயதைத் தாண்டியவர், கண்ணாடி மாற்றப் போனார். கண்ணைப் பரிசோதித்தவர் விழித்திரையில் இரத்தக் கசிவைக் கண்டு உடனே வைத்தியரிடம் அனுப்பினார். நீரிழிவு பல ஆண்டுகளாகவே உடலில் இருந்திருக்கிறது. "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, பிறகேன் டொக்டரிட்டைப் போவான்?" என்றுதான் அவர் அதுவரை சொல்லி வந்தார்.

இப்படிச் சொல்பவர்கள் எமது வீடுகளிலும் உண்டு. ஆனால் தெற்காசியர்களான எமக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு இங்குள்ள வெள்ளை இனத்தவரைவிட 2 முதல் 4 மடங்கு அதிகம். அது இளவயதிலேயே, பார்வைக்கு மெலிந்த உடலிலும் வரலாம். ஆரம்பத்தில் நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை. தெரியவரும்போது கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவை பாதிக்கப்பட்டிருக்கலாம். செயலிழந்த சிறுநீரகத்தை மாத்திரையால் மீட்க முடியாது. பனாசியாவின் எல்லை அங்கே முடிந்துவிடுகிறது.

நாம் செய்யக்கூடியவை

1. இங்கிலாந்தில் 40 முதல் 74 வயது வரை உள்ளவர்களுக்கு, ஏற்கெனவே நீரிழிவு, இதயநோய் போன்றவை இல்லாவிட்டால், ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை இலவச உடல்நலப் பரிசோதனை உண்டு. அழைப்புக் கடிதத்தை ஒதுக்கி வைக்க வேண்டாம். வராவிட்டால் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.

2. நீரிழிவுக்கான 'எச்பிஏ1சி' இரத்தப் பரிசோதனை கடந்த 2, 3 மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும். 42 முதல் 47 வரை இருந்தால் அது எச்சரிக்கை. 48 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவாக இருக்கலாம். எச்சரிக்கை நிலையில் உணவையும் நடையையும் சீர்செய்தால் பலர் தப்பிக்கொள்ளலாம்.

3. இடுப்பை அளந்து பாருங்கள். எமது இனத்தவரில் ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் என்பவையே எல்லை.

4. இரவில் சோறோ புட்டோ இடியப்பமோ, அளவைக் குறைத்து மரக்கறியைக் கூட்டுங்கள். சாப்பிட்டபின் சற்று நடவுங்கள்.

5. நீரிழிவு உள்ளவர்கள் கண், பாதப் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது. "இப்ப சுகம்தானே" என்று மருந்தைத் தாமாக நிறுத்தவும் கூடாது.

அடுத்த முறை வைத்தியரின் அறையில் பாம்பு சுற்றிய தடியைக் கண்டால் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். மூத்த சகோதரியாக ஹைஜீயாவை எமது வீடுகளுக்கு முதலில் அழைப்போம். பனாசியாவைத் தேடி ஓடும் தேவை அந்த அளவுக்குக் குறையும்.