நாக்கு எட்டாத ரோமம்

தில்லியில் கோடை ஏப்ரலிலேயே வந்துவிடும். மேற்கிலிருந்து லூ என்னும் வெப்பக்காற்று வீசத் தொடங்கினால் நடுப்பகலில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. ராமகிருஷ்ணாபுரத்திலும் மயூர் விஹாரிலும் மாடி வீடுகளில் வளரும் பாரசீகப் பூனைகள் குளிர்காலத்து உள்ரோமத்தை உதிர்ப்பதும் இந்தச் சமயத்தில்தான். வீட்டுக்காரர்கள் சீப்பை எடுப்பார்கள். பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். "பிடிவாதம்" என்பார்கள். பூனையின் தரப்பு நியாயத்தைக் கேட்க வேண்டுமானால் அதன் நாக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

பூனை நாக்கு கையில் பட்டால் சொரசொரக்கும். அதில் பின்னோக்கி வளைந்த முட்கள் சுமார் 300 இருக்கின்றன. நம் நகத்துக்கு மூலப்பொருளான கெரட்டின்தான் அவற்றுக்கும். இவை வெறும் கூம்புகள் என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா டெக் கல்வி நிறுவனத்தின் அலெக்ஸிஸ் நோயலும் டேவிட் ஹூவும் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, ஒவ்வொரு முள்ளின் நுனியும் அகப்பை போலக் குடைவாக இருக்கிறது என்று 2018-இல் வெளியிட்டார்கள். அந்தக் குடைவு தானாகவே எச்சிலை உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது. நக்கும்போது அதை ரோமத்தின் அடிவரை கொண்டுபோய் இறக்குகிறது. பூனைக்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதத்தடியில் மட்டுமே. உடம்பெல்லாம் பூசிய எச்சில் உலரும்போது கிடைக்கும் குளிர்ச்சி, அது வெளியேற்ற வேண்டிய வெப்பத்தில் கால் பங்குவரை தீர்த்துவிடும் என்பது அவர்களுடைய கணக்கு. தில்லி மே மாதத்தில் இது சின்ன உதவியல்ல.

இன்னொரு நுட்பமும் உண்டு. முள் ஒரு சிக்கில் மாட்டினால் அடிப்பகுதியில் சுழன்று கொடுக்கும். விறைத்து நின்று வேரோடு இழுக்காது. நம் கடைச் சீப்புகள் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

வீட்டுப் பூனையிலிருந்து புலி, சிங்கம்வரை ஆறு இனங்களின் நாக்கை அவர்கள் ஒப்பிட்டார்கள். ரோமத்தை அழுத்தினால் முள்ளின் நுனி தோலைத் தொட்டுவிடும் அளவுக்குத்தான் எல்லாவற்றிலும் ரோமத்தின் அடர்த்தி இருந்தது. அந்தக் கணக்குக்குள் அடங்காதது சடைபிடித்த பாரசீகப் பூனை. அதன் நாக்கு தோலை எட்டுவதில்லை.

இது இயற்கை செய்த பிழை அல்ல, மனித ரசனையின் விளைவு. ரோமம் எவ்வளவு வளர்ந்ததும் நிற்க வேண்டும் என்று சொல்லும் எஃப்.ஜி.எஃப்.5 என்ற மரபணு பழுதானால் வளர்ச்சி நிற்கத் தாமதமாகும் என்று 2007-இல் கண்டறிந்தார்கள். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்தால் குட்டிக்கு நீள ரோமம். குராசான் பகுதியின் நீள ரோமப் பூனைகளைப் பற்றி இத்தாலியப் பயணி பியெத்ரோ டெல்லா வாலே 1620 வாக்கில் எழுதினார். ஆனால் இன்றைய பாரசீகப் பூனையின் மரபணு மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடுதான் நெருக்கம் காட்டுகிறது. லண்டன் கிரிஸ்டல் பேலஸில் 1871-இல் நடந்த பூனைக் கண்காட்சிக்குப் பிறகு, பரிசுக்காகவே ரோமத்தை மேலும் மேலும் அடர்த்தியாக்கினார்கள். அப்படி உருவான பூனையைத்தான் இப்போது தில்லியில் 'டால் ஃபேஸ்', 'பஞ்ச் ஃபேஸ்' என்று முக வடிவத்தைக் கொண்டு தரம் பிரித்து விற்கிறார்கள்.

சடை எப்படி விழுகிறது? ஒரே மயிர்த்துளையிலிருந்து ஒரு முரட்டு முடியும் அதைச் சுற்றிப் பல மெல்லிய முடிகளும் முளைக்கின்றன. உதிர்ந்த மெல்லிய முடி கீழே விழாமல் நடுவில் மாட்டிக்கொள்ளும். முடியின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றையொன்று கவ்வும். ஐ.என்.ஏ. தில்லி ஹாட்டில் காஷ்மீர் நம்தா விரிப்பு பார்த்திருப்பீர்கள். அது நெய்ததல்ல, கம்பளி இழைகளை நனைத்து, அழுத்தி, உருட்டியே ஒட்டவைப்பது. சிக்கெடுக்காமல் பூனையைக் குளிப்பாட்டுகிறவர் அதன் முதுகில் நம்தாதான் தயாரிக்கிறார். எப்போதும் சீப்பு முதலில், குளியல் பிறகு.

ஒவ்வொரு முடியின் வேரையும் நரம்பு முனைகள் சுற்றியிருக்கின்றன. ஒரு சிக்கை இழுத்தால் நூற்றுக்கணக்கான வேர்கள் ஒரே நேரத்தில் இழுபடும். வறண்ட காற்றில் பிளாஸ்டிக் தூரிகை உரசினால் நிலைமின்னேற்றம் சேர்ந்து சுருக்கென்று அதிரவும் செய்யும். ஓடாமல் என்ன செய்யும்?

ஆக, சீப்பு நாக்கைப் போல நடந்துகொள்ள வேண்டும். முதலில் ஈரம்: கையை நனைத்து ரோமத்தின் மேல் தடவினாலே மின்னேற்றம் அடங்கும். அகலப் பல் உலோகச் சீப்பு போதும், பேன் சீப்பு வேண்டாம். சிக்குக்கும் தோலுக்கும் நடுவே இரண்டு விரலால் ரோமத்தை இறுகப் பிடித்துக்கொண்டு நுனியிலிருந்து பிரித்து வந்தால் இழுப்பு வேருக்குப் போகாது. எங்கே தொடங்குவது என்பதற்கும் ஆய்வு இருக்கிறது: கண்ணுக்கும் காதுக்கும் இடைப்பட்ட இடத்தில் வருடுவதைப் பூனைகள் விரும்புகின்றன, வால் தொடங்கும் இடத்தில் வெறுக்கின்றன என்று 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. பூனைகள் ஒன்றையொன்று நக்கிக்கொடுப்பதும் பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும்தான். கன்னத்தில் ஆரம்பியுங்கள். சடை அதிகம் விழும் அக்குள், தொடையிடுக்கு, காதின் பின்புறம் எல்லாம் நம்பிக்கை வந்த பிறகு. வால் நுனி துடித்தால், முதுகுத் தோல் சிலிர்த்தால், காது பக்கவாட்டில் திரும்பினால் அன்றைக்கு அவ்வளவுதான். தினம் இரண்டு நிமிடம் என்பது ஞாயிற்றுக்கிழமைப் போராட்டத்தைவிட மேல்.

நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளைகளுக்குச் சிக்கெடுக்கும் பழக்கத்தில் தேங்காய் எண்ணெயை எடுத்துவிடாதீர்கள். எண்ணெய் தில்லியின் தூசியை இழுத்துப் பிடிக்கும். ரோமத்தில் படிவதையெல்லாம் பூனை கடைசியில் நக்கித் தின்கிறது. நவம்பர் புகைமூட்டத்தில் ஈரத்துணியால் தினமும் துடைத்துவிடுவதற்கும் இதுவே காரணம்.

தோலோடு ஒட்டிய சடையைக் கத்தரிக்கோலால் வெட்டவே கூடாது. பூனையின் தோல் மெல்லியது. சடையோடு எழும்பி வந்து சேர்ந்தே அறுபடும். மருத்துவரிடம் மெஷினால் மழிக்கச் சொல்லுங்கள். மயக்க மருந்து தேவைப்பட்டால், மூச்சுப்பாதை குறுகிய தட்டை முகத்தையும் இந்த இனத்தில் பரவலாக இருக்கும் பரம்பரைச் சிறுநீரக நோயையும் பற்றி முன்னதாகவே பேசிவிடுங்கள். மழித்த பின் உண்ணி தென்பட்டாலும் நாய்களுக்கான உண்ணி மருந்தை மட்டும் பூனை மேல் போடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரினைச் சிதைக்கும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது; வலிப்பு வந்து இறந்துபோகவும் கூடும்.