அம்மாவைப் பார்த்துக்க ‘24 மணி நேர ஆள்’ வேணுமா? தேடும் முன் இதைப் படிங்க

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் காலையில் ஷூ கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் கூட்டத்தைப் பாருங்கள். அதில் பெரும்பாலானோர் பெண்கள். வீட்டில் படுக்கையில் இருக்கும் அம்மாவையோ மாமியாரையோ பார்த்துக்கொண்டதும் இதே பெண்கள்தான்.

மகள் தையல் மெஷினில் இருக்கிறார், மகன் பெங்களூருவில் ஐடி வேலையில் இருக்கிறார். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் எழும் முதல் கேள்வி: “கூடவே தங்கிப் பார்த்துக்க ஒரு ஆள் கிடைக்குமா?”

கிடைக்கலாம். ஆனால், அந்த ஒரு ஆள் போதுமா?

இரவுதான் கணக்கு

தானாகப் புரண்டு படுக்க முடியாதவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பது பொதுவான மருத்துவ அறிவுரை. இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். அப்படிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 12 முறை. டயப்பர் மாற்றுவது, சாப்பாடு, மாத்திரை எல்லாம் தனி.

தங்கி வேலை செய்பவர் 24 மணி நேரமும் விழித்திருக்க முடியாது. தொடர்ந்து தூங்கவில்லை என்றால் அவர் அசந்துபோவார். அந்த அசதியில்தான் மாத்திரை மாறுகிறது, பாத்ரூமில் வழுக்குகிறது. கடைசியில் “என்னால முடியல” என்று அவர் கிளம்பிவிட, தேடல் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது.

அதனால் ஆள் தேடும் முன், 3 இரவுகள் அம்மா எத்தனை முறை எழுகிறார் என்று எழுதி வையுங்கள். ஓரிரு முறைதான் என்றால் ஒருவர் சமாளிப்பார். அதற்கு மேல் என்றால், இரவுக்குத் தனியாக ஓர் ஆள் வேண்டும், அல்லது வீட்டில் உள்ளவர்கள் முறை வைத்துக்கொள்ள வேண்டும். பட்ஜெட்டை இங்கிருந்து போடுங்கள்.

நர்ஸா, உதவியாளரா?

வேலூர் சிஎம்சி-யில் நர்சிங் பட்டப்படிப்பு 1946-லேயே தொடங்கிவிட்டது. ஆனால் ‘ஹோம் நர்ஸ்’ என்று வீட்டுக்கு வரும் எல்லோரும் நர்சிங் படித்தவர்கள் அல்ல. படித்த நர்ஸ் என்றால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவு எண் இருக்கும். அதைக் கேளுங்கள்.

குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நடக்க வைப்பதற்குப் பயிற்சி பெற்ற உதவியாளர் போதும். சிறுநீர்க் குழாய் மாற்றுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது, ஊசி போடுவது நர்ஸின் வேலை. பல வீடுகளுக்கு, தங்கும் உதவியாளரும் தேவைப்படும்போது வந்துபோகும் நர்ஸும் இருந்தாலே போதும்.

முடிந்தால் டிஸ்சார்ஜுக்கு முன்பே அந்த உதவியாளரை வார்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது எப்படி என்று அங்குள்ள நர்ஸிடமே கற்றுக்கொள்ளலாம்.

அம்மாவிடம் கேட்டீர்களா?

இந்தப் பகுதியில் உருது மட்டுமே சரளமாகப் பேசும் பாட்டிகள் உண்டு. வலி எங்கே என்று சொன்னால் புரிந்துகொள்ளும் ஆள் வேண்டும். தொழுகைக்கு முன் ஒளு செய்ய உதவ வேண்டுமா? ரம்ஜானில் நோன்பு வைப்பேன் என்றால் சர்க்கரை மாத்திரையை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் கேட்டாச்சா? குளிப்பாட்டப் பெண்தான் வேண்டுமா? இதையெல்லாம் முதல் நாளே பேசிவிடுங்கள்.

உங்கள் வீடு அவருக்கு வேலையிடம்

என்னென்ன வேலை, எத்தனை மணி நேரம் ஓய்வு, வாரத்தில் எந்த நாள் லீவு, சம்பளம் எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். “அப்படியே வீட்டுக்கும் சமைச்சிடும்மா” என்று பிறகு சேர்க்காதீர்கள். ஏஜென்சி மூலம் வந்தால், நீங்கள் கொடுக்கும் தொகையில் அவர் கைக்குப் போவது எவ்வளவு என்று கேளுங்கள்.

வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 2018-ல் குறைந்தபட்ச ஊதியம் நிர்ணயித்தது. அவர்களுக்கென நல வாரியமும் இருக்கிறது. 18 முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்யலாம். பதிவு செய்ய அவருக்கு உதவுங்கள். 2013-ம் ஆண்டின் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வீட்டு வேலை செய்பவருக்கும் பொருந்தும். அவர் மாவட்டக் குழுவிடம் புகார் தரலாம். 2019-ல் மாவட்டம் பிரிந்ததால் ஆம்பூர், வாணியம்பாடி வீடுகளுக்குத் திருப்பத்தூர் மாவட்ட அலுவலகம்தான்.

ஆள் பற்றிய விவரங்களைச் சரிபார்க்கத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆதார் நகல் போதும், அசலை வாங்கி வைக்காதீர்கள். நகை, பணத்தை அவர் வரும் முன்பே பூட்டுங்கள். கேமரா இருந்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள். பாத்ரூமிலும் அவர் தூங்கும் இடத்திலும் கேமரா கூடவே கூடாது.

செலவைக் குறைக்க என்ன வழி?

மகளுக்கோ மகனுக்கோ இஎஸ்ஐ இருந்தால், அவர்களைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு சிகிச்சை உண்டு. ஆனால் உதவியாளர் சம்பளம் அதில் வராது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும். இதைச் சொல்லிப் பதிவு செய்ய உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

முதியவரை அடிப்பதாகவோ மிரட்டுவதாகவோ சந்தேகம் வந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை யார்?

உதவியாளருக்கு வார லீவு கொடுத்தால், அன்றைக்கு அம்மாவைக் குளிப்பாட்டுவது நீங்கள்தான். குதிகால், இடுப்பு, முதுகின் அடிப்பகுதியில் தோல் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். மாத்திரை அட்டையை எண்ணுங்கள். அம்மா மெலிந்திருக்கிறாரா, பேச்சு குறைந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

ஒரு வாரம் எப்படிப் போனது என்பது கேமராவைவிட இதில் நன்றாகத் தெரியும். அதனால் ஆளுக்கு போன் போடும் முன் வீட்டில் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு: அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்தில் இருக்கப்போவது யார்?