பழைய கணினியை வீசும் முன்

படுவான்கரையில் ஓர் அம்மா தன் பழைய மடிக்கணினியை என்னிடம் தந்தார். பரணகம ஆணைக்குழுவுக்கும் பின்னர் காணாமல் போனோர் அலுவலகத்துக்கும் மகனைத் தேடி எழுதிய கடிதங்கள் அதற்குள்தான் இருந்தன. 2 ஜிபி நினைவகம். அது திறப்பதற்குள் தேநீர் ஆறிவிடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11க்கோ 4 ஜிபியும் டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும் வேண்டும். "வீசிவிடுங்கள்" என்றாராம் ஒரு கடைக்காரர்.

லுபுண்டு என்ற இலகுவான லினக்ஸை முதலில் பென்ட்ரைவிலிருந்தே இயக்கினேன். நிறுவாதவரை வன்தட்டில் உள்ளவை அப்படியே இருக்கும். வேகம் பரவாயில்லை. ஆனால் கடிதத்தைத் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குவியல்! அம்மா பதறிப்போனார்.

எதுவும் அழியவில்லை. நம்மூரில் பலரும் தட்டெழுதிய பாமினி, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு. அது இல்லாத கணினியில் தமிழ் தெரியாது. விண்டோஸின் ஃபொண்ட்ஸ் கோப்புறையிலிருந்து பாமினியை எடுத்து லினக்ஸில் சேர்த்ததும் மகனின் பெயர் திரையில் வந்தது. பிறகு கடிதங்களை ஒருங்குறிக்கு மாற்றினேன். இனி கைபேசியிலும் வாசிக்கலாம். மாற்றும்போது சில எழுத்துகள் பிசகும் என்பதால் பெயர்களையும் திகதிகளையும் அம்மாவோடு இருந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம்.

முழுதாக நிறுவும்போது வன்தட்டு அழிக்கப்படலாம். கடிதங்களையும் பாமினியையும் இரண்டு பென்ட்ரைவ்களில் எடுத்து, ஒன்றை அம்மாவின் கையில் கொடுத்த பிறகே அந்த வேலையைத் தொடங்கினேன்.