ஒரு புரதம் தடம் மாறினால்...

"உம்மா, கால் நோகுது" என்று பிள்ளை சொன்னால், "விளையாடி விழுந்திருப்பாய்" என்று எண்ணெய் தடவி விடுவது நம் வீடுகளில் வழக்கம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் அரிதாக ஒரு பிள்ளைக்கு அந்த நோவின் பின்னால் பெரிய நோயொன்று மறைந்திருக்கக் கூடும்.

நமது கலங்களின் கருவுக்குள் டி.என்.ஏ. என்ற மூலநூல் இருக்கிறது. அதிலிருந்து தேவையான பக்கம் மட்டும் பிரதி எடுக்கப்படுகிறது. அப்பிரதியே ஆர்.என்.ஏ. அதைப் பற்றிப் பிடித்து, வேண்டாத பகுதிகளை நீக்கி, உரிய இடத்துக்கு அனுப்பும் புரதங்கள் பல உள்ளன. அவற்றுள் ஈ.டபிள்யூ.எஸ்., எப்.யூ.எஸ். என்பன உடன்பிறப்புகள் போன்றவை.

எலும்பில் ஒரு புற்றுநோய்

1921இல் அமெரிக்க வைத்தியர் ஜேம்ஸ் யூவிங் ஓர் எலும்புப் புற்றுநோயை விபரித்தார். 10 முதல் 20 வயது வரையானோரையே இது அதிகம் தாக்குகிறது. இதன் காரணத்தை 1992இல் பாரிஸ் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். 11ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. ஈ.டபிள்யூ.எஸ். புரதம் ஆர்.என்.ஏ.யைப் பிடிக்கும் தன் பகுதியை இழந்து, வேறொரு புரதத்துடன் இணைந்து விடுகிறது. இந்தக் கலப்புப் புரதம், உறங்க வேண்டிய பரம்பரையலகுகளை எழுப்பி விடுகிறது. கலம் கட்டுப்பாடின்றிப் பெருகுகிறது.

நரம்பில் ஒரு நோய்

எப்.யூ.எஸ். இவ்வாறே உடைந்து இணைந்தால், கொழுப்பிழையத்தில் ஒருவகைப் புற்றுநோய் உண்டாகும் என்பது 1993இல் தெரியவந்தது. 2009இல் மற்றொரு செய்தி வந்தது. விஞ்ஞானி ஸ்டீபன் ஹோக்கிங்கைச் சக்கர நாற்காலியில் இருத்திய ஏ.எல்.எஸ். நோயுள்ளவர்களில் ஒரு சிறு தொகையினரிடம் இதே புரதம் பழுதுபட்டிருந்தது. கருவுக்குள் இருக்க வேண்டிய புரதம் வெளியே தேங்கி நிற்க, தசைகளை இயக்கும் நரம்புக் கலங்கள் மடிகின்றன.

தாய்மாரின் கவனத்துக்கு

யூவிங் நோய் பெற்றோரிடமிருந்து வருவதல்ல. கர்ப்பத்தில் உண்ட உணவோ, பிள்ளை விழுந்ததோ இதற்குக் காரணமல்ல. எனவே எந்தத் தாயையும் குறை சொல்லாதீர்கள்.

நோவு வாரக்கணக்கில் நீடித்தால், இரவில் கூடினால், வீக்கமோ காய்ச்சலோ சேர்ந்தால், எண்ணெய் தடவி நாட்களைக் கடத்த வேண்டாம். வைத்தியரிடம் காட்டி எக்ஸ்ரே எடுங்கள். நோய் பரவுமுன் சிகிச்சை தொடங்கினால், 100 பேரில் ஏறத்தாழ 70 பேர் ஐந்தாண்டுகளைக் கடக்கிறார்கள். பரவிய பின்போ அது 30 அளவுக்கு இறங்கிவிடுகிறது.

பிள்ளையின் முறைப்பாட்டைக் காது கொடுத்துக் கேளுங்கள் சகோதரிகளே!