பேட்டரிக்கும் ஒரு மதகு வேண்டும்

திருச்செங்கோட்டுப் பக்கம் போயிருக்கிறீர்களா? ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் லாரிகளைச் சாலையோரத்தில் கண்டிருப்பீர்கள். இங்கிருந்து அவை இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. உடன் செல்லும் ஆட்களுக்கு மாதக்கணக்கில் வண்டியே வீடு. இரவில் ஒரு விளக்கும் சிறு மின்விசிறியும் அவர்களுக்கு வேண்டும். லாரியைக் கிளப்பும் பேட்டரியிலிருந்தே இரவெல்லாம் மின்சாரம் எடுத்தால், விடிந்ததும் இஞ்சின் கிளம்பாது. மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தில், இருட்டோடு பரிசலில் வலை எடுக்கப் போகிறவருக்கோ நடுநீரில் விளக்கு அணைந்தால் கரை தெரியாது.

இதற்கு வழி, தனியாக ஒரு பேட்டரியும் அதை நிரப்ப ஒரு சூரியப் பலகையும் வைத்துக்கொள்வது. "வெயிலுக்கு நம் ஊரில் பஞ்சமா?" என்பீர்கள். பஞ்சமில்லைதான். ஆனால் பலகையை நேராகப் பேட்டரியோடு இணைக்கக் கூடாது. ஏன் தெரியுமா?

ஏரியும் மதகும்

ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். அளவுக்கு மேல் நீர் வந்தால் கரை உடையும். அடிவரை வடித்துவிட்டால் மீனும் மிஞ்சாது. பேட்டரியும் அப்படித்தான்.

12 வோல்ட் ஈய-அமில பேட்டரியில் ஆறு கலங்கள் உண்டு. முழுதும் நிரம்பி ஓய்வாக இருக்கும்போது அது ஏறக்குறைய 12.7 வோல்ட் காட்டும். மின்னேற்றும்போது 14.4 வோல்ட் வரை போகலாம். அதற்கு மேலும் மின்சாரத்தைத் திணித்தால், அமிலக் கரைசலில் உள்ள நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறும். கரைசல் வற்றும், தகடுகள் கெடும். ஹைட்ரஜன் தேங்கிய இடத்தில் ஒரு பொறி விழுந்தால் வெடிக்கவும் கூடும். மாறாக, பேட்டரியை முற்றிலும் வடித்து அப்படியே விட்டுவைத்தால், தகடுகளின் மேல் ஈய சல்பேட் கெட்டியாகப் படிந்துவிடும். பிறகு அது முன்போல் மின்சாரத்தை ஏற்காது.

நம் சூரியப் பலகையோ, இணைப்பு எதுவும் இல்லாதபோது 21 வோல்ட் வரை காட்டும். பேட்டரி நிரம்பிவிட்டதா என்று அதற்குத் தெரியாது. ஆகவே இடையில் ஒரு மதகு தேவை. அதுதான் மின்னேற்றக் கட்டுப்பாட்டுக் கருவி. கடைக்காரர் இதைச் 'சார்ஜ் கன்ட்ரோலர்' என்பார். பேட்டரி நிரம்பியதும் வரத்தைக் குறைக்கும்; வடிந்துபோகுமுன் விளக்கைத் துண்டிக்கும்; இரவில் மின்சாரம் பலகைக்குத் திரும்பி ஓடாமல் தடுக்கும்.

எதை வாங்குவது?

முதலில் கணக்கு. 100 வாட் பலகை 18 வோல்ட்டில் வேலை செய்தால், மின்னோட்டம் 100 ÷ 18 = 5.6 ஆம்பியர். கருவி அதைவிடக் கால் பங்காவது கூடுதலாகத் தாங்க வேண்டும். 10 ஆம்பியர் கருவி இதற்குப் போதும்.

கருவிகளில் இரு வகை உண்டு. பி.டபிள்யூ.எம். வகை, பலகையைப் பேட்டரியின் மின்னழுத்தத்துக்கு இழுத்துவிடும். அப்போது கிடைப்பது 5.6 × 13 = 73 வாட். மீதி வீண். எம்.பி.பி.டி. வகை, கூடுதலான வோல்ட்டை ஆம்பியராக மாற்றிக் கொடுப்பதால் ஏறக்குறைய 95 வாட் கிடைக்கும். விலை அதிகம்.

அப்படியானால் எம்.பி.பி.டி.தான் சிறந்ததா? சற்றுப் பொறுங்கள். இந்தக் கணக்கு பலகையின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் என்று வைத்துப் போட்டது. சேலத்துச் சித்திரை வெயிலில் பலகை 65 டிகிரியைத் தொடலாம். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.4 சதவீதம் திறன் குறையும். 100 வாட் பலகை 84 வாட்டாகிவிடும். குறைவது பெரும்பாலும் வோல்ட்தான்; ஆம்பியர் அப்படியே இருக்கும். ஆகவே பி.டபிள்யூ.எம். தருவது ஏறத்தாழ அதே 73 வாட். எம்.பி.பி.டி. தருவதோ 80 வாட் அளவுக்கு இறங்கிவிடும். ஒரு சிறு பலகைக்கு இந்த 7 வாட்டுக்காக அதிக விலை கொடுக்க வேண்டுமா? நீங்களே முடிவு செய்யுங்கள். பல பலகைகளை இணைத்தால் கதை வேறு.

வெப்பம் பேட்டரியையும் விடாது. 40 டிகிரி சூட்டில் 14.4 வோல்ட் அதிகம். சுமார் 14 வோல்ட்டே போதும். வெப்பத்தைப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும் கருவியாக வாங்குவது நல்லது. லித்தியம் பேட்டரி என்றால் அதற்குரிய அமைப்பு கருவியில் இருக்க வேண்டும். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரியில் ஓடத் தொடங்கிய 'ஆதித்யா' என்னும் 75 பேர் செல்லும் சூரியப் படகில் இருப்பது லித்தியம் பேட்டரிதான்.

நீர் புகாதது என்றால்?

கருவியின் மேல் ஐ.பி. 65, ஐ.பி. 67 என்று அச்சிட்டிருக்கும். முதல் எண் தூசியைப் பற்றியது. 6 என்றால் தூசி சிறிதும் புகாது. கல்தூள் பறக்கும் ரிக் லாரிக்கு இது முக்கியம். இரண்டாவது எண் நீரைப் பற்றியது. 5 என்றால் குழாயிலிருந்து பீய்ச்சும் நீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும். ஆனால் மூழ்கலைத் தாங்குவது பீய்ச்சலையும் தாங்கும் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு சோதனைகள். அடிக்கடி நீரடித்துக் கழுவும் லாரிக்கு 65, கவிழக்கூடிய பரிசலுக்கு 67 என்று தேர்ந்தெடுக்கலாம்.

நீர் புகாத பெட்டியில் காற்றும் புகாது. உள்ளே எழும் சூடு வெளியேற முதுகில் அலுமினிய விலாக்கள் இருக்க வேண்டும். கருவியை நிழலில், காற்றுப்படும் இடத்தில் பொருத்த வேண்டும். ஹைட்ரஜன் தேங்கும் பேட்டரிப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. கம்பிகள் கீழ்ப்புறமிருந்து நுழையட்டும். அப்போது மழைநீர் கம்பி வழியே உள்ளே வராது. இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பலகை. கழற்றும்போது முதலில் பலகை.

செய்து பாருங்கள்

வீட்டில் மோட்டார் சைக்கிள் இருந்தால், பெரியவர் ஒருவரின் துணையோடு அதன் பேட்டரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். இஞ்சின் ஓடாதபோது 12.5 வோல்ட் அளவில் காட்டும். வண்டியை வெளியே நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டுச் சற்றே வேகம் கூட்டினால் 14 வோல்ட் அளவுக்கு ஏறும். மேலும் வேகம் கூட்டினாலும் அதைத் தாண்டி அதிகம் ஏறாது. ஏன்? அங்கேயும் ஒரு மதகு இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று உங்கள் ஊர் மெக்கானிக்கைக் கேளுங்கள், காட்டுவார்.