முதலில் ஏற தனிக் கட்டணம்... கொடுக்கலாமா, வேண்டாமா?

பட்ஜெட் விமானத்தில் டிக்கெட் புக் செய்யும்போது, பெயர், வயதெல்லாம் கொடுத்து முடித்ததும் வரிசையாகக் கேள்விகள் வரும். சீட் வேண்டுமா, சாப்பாடு வேண்டுமா, இன்ஷூரன்ஸ் வேண்டுமா... அதில் ஒன்று, 'ப்ரையாரிட்டி வேண்டுமா?' என்பது. சில நூறு ரூபாய்தானே என்று பலரும் 'டிக்' செய்துவிடுகிறார்கள். ஆனால், இந்தக் கட்டணம் ஆளுக்கு ஆள் தனி. போகும்போது தனி, வரும்போது தனி. 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், நான்கு பேர் போய்த் திரும்ப 3,200 ரூபாய். அதற்கு என்ன கிடைக்கிறது?

சீட் மாறாது!

நம் ஊர் விமானங்களில் இது பெரும்பாலும் ஒரு பேக்கேஜாக வருகிறது. செக்-இன் கவுன்ட்டரில் தனி வரிசை, விமானத்தில் முதலில் ஏறுவது, இறங்கும் ஊரில் பெட்டி முன்னதாக வருவது. நல்ல சீட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. போர்டிங் பாஸில் நடு சீட் என்று இருந்தால், முதலில் ஏறினாலும் கடைசியில் ஏறினாலும் அதே நடு சீட்தான்.

பெட்டி வைக்க இடம்

உண்மையான லாபம், தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடத்தில் இருக்கிறது. ஏர்பஸ் ஏ320 போன்ற விமானத்தில் சுமார் 180 பேர் பயணிக்கிறார்கள். ஆளுக்கொரு 7 கிலோ பெட்டி என்றால் மேலே இடம் போதாது. கடைசியில் வருபவரின் பெட்டியை வாங்கி, விமானத்தின் அடியில் ஏற்றிவிடுவார்கள். அப்படிக் கொடுக்க நேர்ந்தால் மருந்து, நகை, லேப்டாப், பவர் பேங்க் ஆகியவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பவர் பேங்கை அடியில் ஏற்ற அனுமதியே கிடையாது.

தோளில் ஒரு பையோடு போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. சீட்டுக்கு அடியிலேயே வைத்துவிடலாம்.

பஸ்ஸில் போனால்?

விமானம் தூரத்தில் நின்றால் பஸ்ஸில்தான் அழைத்துப் போவார்கள். முதலில் ஏறியவர் உள்ளே தள்ளி நிற்பார். கடைசியில் ஓடிவந்தவர் கதவோரம் நிற்பார். பஸ் நின்றதும் யார் முதலில் இறங்குவார்? கதவோரம் நிற்பவர்தான்! பஸ்ஸா, ஏரோபிரிட்ஜா என்பது புக் செய்யும்போது தெரியாது.

கட்டணமில்லாமல் கிடைப்பவை

முதல்முறை தனியாகப் பறக்கும் வயதான அம்மாவுக்காக மகன் ப்ரையாரிட்டிக்குப் பணம் கட்டுவதுண்டு. ஆனால், நடக்கச் சிரமப்படும் அம்மாவுக்குத் தேவை வீல்சேர் உதவி. 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவைத்தால், கவுன்ட்டரிலிருந்து விமானக் கதவு வரை ஆள் கூடவே வருவார். வீல்சேர் பயணிகளையும் கைக்குழந்தையோடு வருபவர்களையும் வழக்கமாக முன்னதாகவே ஏற்றுகிறார்கள்.

குழந்தை தனியாக உட்கார நேருமோ என்ற பயமும் வேண்டாம். ஒரே புக்கிங்கில் வரும் 12 வயது வரையிலான குழந்தைகளுக்கு, பெற்றோர் அல்லது பாதுகாவலரில் ஒருவருக்குப் பக்கத்தில் சீட் தர வேண்டும் என்று விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024-ல் சொல்லியிருக்கிறது.

வெளிநாட்டில் வேறு கணக்கு

ஐரோப்பாவின் ரயன்ஏர் விமானத்தில் சாதாரண டிக்கெட்டுக்கு, சீட்டுக்கு அடியில் வைக்கும் சிறு பை மட்டுமே அனுமதி. 10 கிலோ பெட்டியை உள்ளே எடுத்துப்போக ப்ரையாரிட்டி வாங்க வேண்டும். அங்கே அது வரிசைக்கான கட்டணமல்ல, பெட்டிக்கான கட்டணம். தனியாக லக்கேஜ் போடும் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம்.

அப்படியானால், யார் வாங்கலாம்?

பண்டிகைக் கூட்டத்தில் நிறைய பெட்டிகளோடு போகிறவர்கள், கேமரா போன்ற உடையும் பொருளைக் கையில் வைத்திருப்பவர்கள், இறங்கியதும் ரயிலைப் பிடிக்க வேண்டியவர்கள் வாங்கலாம். வெப் செக்-இன் முடித்து, ஒற்றைப் பையோடு போகிறவர்களுக்குத் தேவையில்லை.

இதுபோன்ற கூடுதல் சேவைகளைப் பயணி விரும்பிக் கேட்டால் மட்டுமே சேர்க்க வேண்டும் என்பது விதி. எனவே, பணம் கட்டும் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்று மொத்தத் தொகையைப் பாருங்கள். கேட்காத ஏதாவது சேர்ந்திருந்தால், தயங்காமல் எடுத்துவிடுங்கள். மிச்சமாகும் பணத்தில், இறங்கிய ஊரில் குடும்பமே ஒருவேளை நன்றாகச் சாப்பிடலாம்.