சிட்லிங் லம்பாடிப் பூத்தையல்

லம்பாடிப் பூத்தையல் என்பது லம்பாடி (பஞ்சாரா) சமூகப் பெண்கள் கையால் தைக்கும் எம்பிராய்டரி வேலைப்பாடு ஆகும். உளுந்தூர்பேட்டைக்கு மேற்கே, கள்ளக்குறிச்சியைக் கடந்தால் கல்வராயன் மலை தொடங்குகிறது. அம்மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடையில், தருமபுரி மாவட்டம் அரூர் அருகே சிட்லிங் பள்ளத்தாக்கு உள்ளது. தமிழ்நாட்டில் இந்தத் தையல் மறைந்துபோகும் நிலையிலிருந்து மீண்ட இடம் இது.

எந்திரத் தையலில் வடிவம் கணினியிலேயே முடிவாகிவிடும். ஊசி அதைப் பின்பற்றும். லம்பாடி மரபில் துணியின் பாவு நூலையும் ஊடை நூலையும் எண்ணி ஊசியை இறக்குகிறார்கள். சதுரம், முக்கோணம், சாய்வுக் கோடு எல்லாம் இந்த எண்ணிக்கையில் பிறப்பவை. ஒரு நூல் தவறினால் சாய்வுக் கோடு அடுத்த சதுரத்தின் முனையில் சேராது. தவறிய இடம் வரை பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்க வேண்டும். ஒரு நிறம் துணியில் அமர்ந்த பிறகே பக்கத்து நிறம் சரியா என்பதும் தெரியும். ஆகவே இங்கே வடிவமைப்புக்கென்று தனி நேரம் கிடையாது. தைக்கும் நேரமே வடிவமைக்கும் நேரம்.

கண்ணாடி பதிப்பதைப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். கண்ணாடித் துண்டில் துளை இல்லை. அதன் மேல் குறுக்கும் நெடுக்குமாக நூலை இழுத்து ஒரு சட்டம் கட்டி, அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் தைக்கிறார்கள். அவசரத்தில் சட்டம் தளர்ந்தால் நாளடைவில் சலவையில் கண்ணாடி கழன்றுவிடும்.

சாயத்துக்கும் பொறுமை வேண்டும். திண்டிவனம் வட்டாரத்தில் விளையும் அவுரியை எடுத்துக்கொள்வோம். சாயத் தொட்டியிலிருந்து எடுக்கும்போது துணி மஞ்சள் கலந்த பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டுத்தான் நீலமாகும். ஒரே முக்கில் அடர்நீலம் வராது. முக்கி, காற்றாட விட்டு, மறுபடி முக்க வேண்டும்.

சிட்லிங்கில் 1993-இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா இணையர் பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கினர். அப்பணியின் தொடர்ச்சியாக 2006-இல் 'போர்கை' என்ற கைவினைஞர் அமைப்பு உருவானது. லம்பாடி மொழியில் போர்கை என்றால் பெருமை. அப்போது இளம்பெண்கள் சேலைக்கு மாறியிருந்தனர். தையல் தெரிந்தவர்கள் வயதான ஒரு சிலரே. அவர்களிடமிருந்து மற்ற பெண்கள் கற்றுக்கொண்டனர். வயல் வேலை, வீட்டு வேலை போக மிஞ்சும் பொழுதில் தைப்பதால் வருமானத்துக்காக ஊரை விட்டுப் போக வேண்டிய தேவை குறைகிறது. சிக்கல் விலையில்தான். எண்ணியதும் பிரித்ததும் முடிந்த துணியில் தெரியாது. தையலின் அளவை மட்டும் பார்த்துக் கூலி போட்டால், கவனமாகத் தைப்பவருக்கே நட்டம்.

வாங்குபவர் துணியைத் திருப்பிப் பார்க்கலாம். எந்திரத் தையலின் பின்புறத்தில் வேறொரு அடிநூல், பெரும்பாலும் வெள்ளையாக, ஓடியிருக்கும். கைத்தையலில் முன்புறம் தெரியும் அதே நிற நூல்தான் பின்புறமும் இருக்கும். நூல் முடிந்து புது நூல் தொடங்கிய இடங்களும் அங்கங்கே தென்படும்.